முப்பத்தைந்து நிமிடம் நின்று பேசினேன்

கிள்ளானில் என்னோடு ஆராதனைக்கு வருகிற உங்களில் பலருக்குத் தெரியும், எனக்குப் பேச்சு திக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் டேனியல். போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். முப்பத்தாறு வயதில், வேலை பார்த்துக்கொண்டே சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் வணிக நிர்வாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் வகுப்பு.

எழுத்துத் தேர்வு எனக்குப் பயமில்லை. மார்க்கெட்டிங் பாடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அதில் பாதி மதிப்பெண் எல்லார் முன்னாலும் நின்று பேசுவதற்கு. முதல் தடவை என் பெயரையே சொல்ல முடியவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாம் தடவை ரயிலைவிட்டு இறங்கவே இல்லை. சுபாங் ஜெயாவில் கதவு திறந்தது, மூடியது. கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரல் நிலையம் வரை போய், பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து, நன்றாகப் பேசினேன் என்று என் மனைவி ஸ்டெல்லாவிடம் பொய் சொன்னேன்.

மூன்றாவது தடவையும் தவறினால் படிப்பு அதோடு முடிந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. படிப்பிலிருந்து விலகும் விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அது ஸ்டெல்லா கண்ணில் பட்டுவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"பாரத்த திங்கக்கிழம கொடுத்துக்கலாம். சனிக்கிழம மட்டும் போய்ட்டு வாங்க லா," என்றாள். "வாங்க, ஜெபம் பண்ணுவோம். இன்னைக்கு நீங்கதான் பண்ணணும்."

பத்து வருட மணவாழ்வில் அவள் எதிரில் நான் வாய்விட்டு ஜெபித்ததில்லை. அன்று ஜெபித்தேன். "ஆண்டவரே, மத்தவங்க மாதிரி ஒரு பதினைஞ்சு நிமிஷம் பேச வைங்க. அது போதும்." இந்தச் சிறு ஜெபத்துக்கே வெகுநேரம் ஆனது. நடுவில் சொல் சிக்கியபோது அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

சனிக்கிழமை போனேன். எதிரே மதிப்பெண் போட மூன்று பேர். நடுவில் மிஸ் சாந்தி என்ற புது விரிவுரையாளர். சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற லோரிகளுக்குத் திரும்பும் வழியிலும் சரக்கு பிடிப்பது எப்படி என்பது என் தலைப்பு. தினமும் நான் பார்க்கிற விஷயம். ஆனால் மூன்றாவது வாக்கியத்தில் "கண்டெய்னர்" என்ற சொல் தொண்டையில் நின்றுவிட்டது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் கண் கதவைத் தேடியது.

மிஸ் சாந்தி பேனாவைக் கீழே வைத்தார். "மெதுவா சொல்லுங்க, மிஸ்டர் டேனியல். நாங்க எங்கயும் போகல," என்றார்.

எனக்குள் ஏதோ அடங்கியது. மூச்சை இழுத்துவிட்டேன். அந்தச் சொல் வந்தது. அடுத்ததும் வந்தது. பிறகும் திக்கினேன், பல தடவை. ஆனால் ஓடிப்போக வேண்டும் என்று தோன்றவில்லை. பதினைந்து நிமிடப் பேச்சை முப்பத்தைந்து நிமிடத்தில் முடித்தேன்.

வெளியே லிஃப்ட் அருகில் மிஸ் சாந்தி என்னைப் பிடித்தார்.

"உங்க திட்டம் நல்லா இருக்கு. கம்பெனியில சொல்லிப் பாத்தீங்களா?"

"இல்ல, மிஸ்."

"சொல்லுங்க. இங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

தேறினேன். பட்டமும் வாங்கினேன். என் முதலாளியிடமும் சொன்னேன்; அவர் அந்தத் திட்டத்தை இரண்டு லோரிகளில் முயன்று பார்த்தார். இப்போது வாடிக்கையாளர்களிடம் பேசுகிற வேலையே எனக்குத்தான். முன்பு போன் அடித்தால் கழிவறைக்குப் போய்விடுவேன்.

என் திக்கல் போகவில்லை. நான் கேட்ட சரளமான நாக்கை ஆண்டவர் தரவில்லை. நின்று பேசும் தைரியத்தைத் தந்தார், காத்திருந்து கேட்கிறவர்களையும் தந்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

உங்களில் யாராவது ஏதோ ஒரு விலகல் பாரத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கலாம். கொடுக்கும் முன் ஒரு தடவை அவரிடம் பேசிப் பாருங்கள். அழகாகப் பேச வேண்டியதில்லை. அவருக்கு அவசரமே இல்லை.