சத்தம் போடாதவர்கள் முதலில்

பழைய வேட்டியைக் கிழிக்கும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் நினைவுக்கு வந்துவிடும். விளிம்பில் பல்லால் கடித்து ஒரு சிறு வெட்டு, பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. ‘சர்ர்’ என்று துணி கடைசிவரை நேராகப் பிரிந்து நிற்கும். கிழிப்பவர் ஜமீலாம்மா. கிழித்த பட்டைகளைச் சாயத்தில் முக்கிக் கொல்லைக் கொடியில் காயப்போடுவது என் அம்மா. காய்ந்ததும் உருட்டி உருட்டித் தகரப் பெட்டியில் அடுக்குவது என் வேலை, அதற்குக் கூலியாக எனக்கு ஒரு வறுக்கி ரொட்டி கிடைக்கும்.

ஜமீலாம்மாவின் தம்பியைத்தான் எங்கள் பக்கத்தில் ‘மிலிட்டரி டாக்டர்’ என்பார்கள். மயிலாடுதுறைக்குக் கிழக்கே, வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் சின்ன ஊர் எங்களுடையது. ராணுவத்தில் பனிமலை எல்லையில் காலத்தைக் கழித்து, அங்கே இருந்தபோதே மனைவியையும் பறிகொடுத்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவரை, வளைகுடாவில் சம்பாதித்த சொந்தக்காரர்கள் டவுனில் ஆஸ்பத்திரி வைக்கச் சொல்லி எவ்வளவோ வற்புறுத்தினார்களாம். அவரோ விதவை அக்காவின் வீட்டு முன்கட்டில், மச்சான் அரிசிக் கடை வைத்திருந்த இடத்தைக் கழுவிவிட்டு, அங்கேயே ஒரு பெஞ்சும் கட்டிலும் போட்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை டெட்டால் ஊற்றினாலும் அந்த அறையில் தவிட்டு வாசனை போகவே இல்லை.

நடவுக் காலத்தில் பாம்புக்கடி வரும், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடித்து மயங்கியவர்கள் வருவார்கள், விளைச்சல் பொய்த்த வருஷங்களில் அதே மருந்தைக் குடித்தவர்களும் வருவார்கள். யாராக இருந்தாலும் டாக்டருக்கு ஒரே முறைதான். அறையைவிட்டு வெளியே வந்து, காத்திருக்கும் கூட்டத்தை ஒரு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே நடப்பார். முதலில் வந்தவர், மேலத்தெருக்காரர், சொந்தக்காரர் என்கிற கணக்கு எதுவும் கிடையாது. “கத்துறவங்களுக்கு மூச்சு இருக்கு. அவங்க இருக்கட்டும். சத்தம் போடாதவங்க யாரு?” என்பார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டும் பண்ணையார் பெஞ்சில் இருக்க, மூலையில் சுருண்டு கிடக்கும் கூலிக்காரப் பெண் உள்ளே போவாள். பண்ணையார்களுக்கு அது பொறுக்கவில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகும் எங்கள் தெருக்காரர்கள் மட்டும் சாமர்த்தியத்தில் குறைந்தவர்களா என்ன, சாதாரண இருமலோடு வந்தவர்கள்கூட மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை மூடிச் சுவரில் சாய ஆரம்பித்தார்கள். டாக்டர் அவர்கள் பக்கத்தில் போய் நின்று சும்மா பார்ப்பார், அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கூட்டம் அதிகமான நாட்களில்தான் துணிப் பட்டைகள் பெட்டியைவிட்டு வெளியே வரும். சண்டை நடக்கும் இடத்தில் ஒரே நேரத்தில் பலர் அடிபட்டுக் கிடக்கும்போது அப்படித்தான் செய்வார்களாம். மணிக்கட்டில் சிவப்பு கட்டினால் உடனே பார்க்க வேண்டும், மஞ்சள் கட்டினால் காத்திருக்கலாம். பெட்டியின் அடியில் கறுப்பும் கொஞ்சம் இருந்தது. அதை எடுத்து யாருக்கும் கட்டி நான் பார்த்ததில்லை. அது எதற்கு என்று நான் கேட்டபோது ஜமீலாம்மா கிழிப்பதை நிறுத்தாமலே, “அவங்களுக்குச் செய்யறதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம் புள்ள. வேணாம்னுதான் அடியில வெச்சிருக்கேன்” என்றார்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்த வருஷம், ஐப்பசிக் கடைசியில் கடைமுழுக்குக்காகப் பெண்களெல்லாம் ஒரு டிராக்டர் பெட்டியில் ஏறி மயிலாடுதுறைக்குக் கிளம்பினோம். நாங்கள் காவிரியில் முழுகப் போனோம். ஜமீலாம்மா சாயப்பொடி வாங்கக் கடைத்தெருவுக்கு வந்தார், என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா மடியிலிருந்த கடலையைப் பங்கு போட்டுக்கொண்டு வந்தார். அடைமழை விட்டிருந்த காலை. ஊர் எல்லை தாண்டவில்லை, மதகுக்குப் பக்கத்து வளைவில் கரை சரிந்து டிராக்டர் பெட்டி வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தது.

வயலில் இருந்த ஆண்கள் ஓடிவந்து எங்களைத் தூக்கிக் கரையில் வரிசையாகப் போட்டார்கள். எனக்குக் கை ஒடிந்திருந்தது. நான் அலறிய அலறல் எனக்கே இன்னும் காதில் இருக்கிறது. டாக்டர் சைக்கிளைப் போட்டுவிட்டு, பெட்டியும் பையுமாக ஓடிவந்தார். முதலில் என்னைத்தான் தாண்டினார். “கத்துறியா? சரி, கத்து” என்று என் நல்ல கையில் மஞ்சளைக் கட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

என் அம்மா கத்தவில்லை. கண் திறந்திருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. டாக்டர் அவளுக்குச் சிவப்பைக் கட்டிவிட்டு அவளுக்கு அந்தப் பக்கம் குனிந்தார். அங்கே ஜமீலாம்மா கிடந்தார். தலையில் அடி. மூச்சு குறட்டைபோல விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. டாக்டர் இமைகளைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார். பிறகு பெட்டியின் அடியில் கைவிட்டுக் கறுப்பை எடுத்து அக்காவின் மணிக்கட்டில் கட்டி, முடிச்சைச் சரிபார்த்துவிட்டு, முழங்காலாலேயே நகர்ந்து என் அம்மாவிடம் வந்தார். மருந்தில்லாத தடித்த ஊசி ஒன்றை அவள் விலா எலும்புகளுக்கு இடையே இறக்கினார். பார்த்த ஆண்கள் பதறினார்கள். ‘புஸ்’ என்று நெஞ்சுக்குள் அடைபட்டிருந்த காற்று வெளியேறியது. அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்கியது, கொஞ்ச நேரத்தில் அவள் முனக ஆரம்பித்தாள். அவள் முனகியதும்தான் டாக்டர் அவளைவிட்டு எழுந்தார்.

எங்கள் தெருவில் பாதிக் கைகளில் பள்ளிவாசலில் ஓதி வாங்கிய கறுப்புக் கயிறு இருக்கும். குழந்தை வீரிட்டாலும் மாடு பால் மறுத்தாலும் அதைத்தான் கட்டுவோம். அதனால் கரையில் நின்றவர்களுக்கு அந்தக் கறுப்புத் துணியில் சந்தேகமே வரவில்லை. “அக்காவுக்கு மந்திரிச்ச கயிறு கட்டிட்டாரு, அந்தம்மா பொழைச்சிக்கும்” என்று ஒருத்தி சொன்னாள். கால் நசுங்கிய தன் மனைவியை மடியில் வைத்திருந்த ஒருவர், “உங்க அக்காவுக்கு மட்டும்தானாய்யா? எங்களுக்கும் அதையே கட்டுங்க” என்று டாக்டரின் சட்டையைப் பிடித்தார். டாக்டர் அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் கறுப்பின் அர்த்தம் தெரிந்தவர்கள் நானும் அம்மாவும்தான். எனக்கு அழுகை நின்றுவிட்டது.

சிவப்பு கட்டியவர்கள் முதல் வேனில் போனார்கள், பிறகு மஞ்சள். கடைசி வண்டி எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். டாக்டர் அப்போதுதான் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதற்கு முன்பே அந்தக் குறட்டை நின்றிருந்தது.

காலையில் அக்காவுக்கு மட்டும் தனியாகச் செய்தார் என்று கோபப்பட்ட ஊர், சாயங்காலம் மையவாடியில் ஜமீலாம்மாவை அடக்கி மண் தள்ளும்போது வேறு மாதிரிப் பேசியது. கூடப் பிறந்தவளைச் சாக விட்டுவிட்டு நடவுக்காரியைப் பார்க்கப் போனார் என்று அவருடைய சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எங்கள் ஆட்களாவது அவர் பக்கம் நின்றார்களா என்றால் அதுவும் இல்லை. “சொந்த ரத்தத்தையே வுட்டவரு, நாளைக்கு நம்மள வுடமாட்டாருன்னு என்ன நிச்சயம்?” என்றார்கள். மனிதர்களுக்கு என்ன செய்தால்தான் போதும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மறுநாள் காலை டாக்டர் வழக்கம்போலக் கதவைத் திறந்து வைத்தார். வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள், டவுன் பஸ் ஏறிப் போனார்கள். நடக்க முடியாதவர்களும் நாதியற்றவர்களும் மட்டும் மிச்சமிருந்தார்கள், அவர்கள் என்றைக்கும் சத்தம் போடாதவர்கள்தான்.

அம்மா நெஞ்சுக்கட்டோடு வீடு திரும்பிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை, யாரும் கூப்பிடாமல் அங்கே போய் ஜமீலாம்மாவின் இடத்தில் உட்கார்ந்து வேட்டியைக் கிழிக்கத் தொடங்கினாள். சிவப்பும் மஞ்சளும் முக்கினாள். கறுப்புச் சாயம் அதற்குப் பிறகு அந்த வீட்டில் கரைக்கப்படவே இல்லை. டாக்டர் அதைக் கவனித்திருப்பார்.

நான் கல்லூரிக்குப் போன காலத்தில் அவர் படுக்கையில் விழுந்தார். ஒருநாள் கஞ்சி கொண்டுபோன அம்மாவோடு நானும் போனேன். டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“நான் அதைக் கட்டிட்டு உங்ககிட்ட வந்தப்புறம், அக்கா கையைக் கிய்யை அசைச்சாளாம்மா? நீங்க பக்கத்துலதானே கெடந்தீங்க.”

“இல்லீங்க டாக்டர். அசைக்கவே இல்லீங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்” என்றாள் அம்மா.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பி வரும்போது வாய்க்கால் கரையில் நான் அம்மாவிடம் நிஜமாகவே பார்த்தாயா என்று கேட்டேன். “நான் எங்கடி பாத்தேன், எனக்கு மூச்சே இல்ல” என்றாள். அந்தப் பயிர் அறுப்புக்கு முன்னால் டாக்டர் இறந்துபோனார். தூக்கிப் போக வந்தவர்களைவிட மையவாடிக்கு வெளியே ஒதுங்கி நின்ற எங்கள் தெருப் பெண்கள் அதிகம்.

அரிசிக் கடை அறை இருந்த இடம் இப்போது கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். மதகை இடித்துக் கான்கிரீட்டில் கட்டிவிட்டார்கள். அவை போனதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. போன வருஷம் அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தபோது ஒரு நகரத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனேன். பைக்கில் விழுந்த ஒரு பையன் ஓங்கிக் கத்திக்கொண்டிருந்தான், அவனைச் சுற்றி ஒரு பட்டாளமே டாக்டர்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. இருந்த நர்ஸ்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். சுவரோரத்து ஸ்ட்ரெச்சரில் அம்மா படுத்திருந்தாள். நான் இரண்டு தடவை போய்ச் சொன்னேன். நர்ஸ் பெண் நல்ல மாதிரிதான், பேர் எழுதிய ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையைக் கொண்டுவந்து அம்மாவின் மணிக்கட்டில் மாட்டிவிட்டு, “பேஷண்ட் அமைதியாத்தானே இருக்காங்க, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க மேடம்” என்று திரும்பிப் போனாள்.

அம்மாவுக்குக் கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது. பட்டையை விரலால் தடவினாள்.

“என்ன கலருடி கட்டியிருக்காங்க?”

“சிவப்புமா” என்றேன்.

“அப்ப இப்ப வந்துடுவாங்க” என்று சொல்லிவிட்டு, சத்தம் போடாமல் காத்திருந்தாள். நான் கத்தத் தொடங்கியபோது அவள் விரல் அந்தப் பட்டையின் மேலேயே இருந்தது, அசையவில்லை.