இரண்டு ஹாரன்

எனக்கு எழுபது முடிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் இரண்டு என் அக்கா விட்டுப்போன பிள்ளைகள். எனக்குக் கையெழுத்து போடத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் விறகை மூடி ஒரு நீலத் தார்ப்பாய் கிடக்கிறது. எவ்வளவு மழை வந்தாலும் அதை நான் தொடமாட்டேன். வேறு யாராவதுதான் இழுத்து மூட வேண்டும்.

போன வாரம் பேத்தி லைசென்ஸ் எடுக்கப் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் எல்.எல்.ஆர். வாங்க வேண்டுமாம். அதற்குக் கடலூருக்குப் போய்க் கம்ப்யூட்டரில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். "சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றலாமா?" என்று கேட்டு, "கூடாது" என்று தானே சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். நான் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டேன்.

குமராட்சிப் பக்கம் நடவுக்கு ஆள் கூட்டிப் போகும் கோஷ்டிக்கு ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முன் நான்தான் தலைவி. சிதம்பரத்தைச் சுற்றி எந்த ஊரில் நடவு என்றாலும் என் கொழுந்தனாரின் வண்டியில்தான் போவோம். குட்டி யானை என்று எல்லாரும் சொல்லும் சின்ன லோடு வண்டி. நெல் மூட்டை ஏற்றுகிற இடத்தில் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்போம். அவர் வாய் ஓயாமல் கேலி பேசுகிற மனிதர்.

"எனக்கு லைசென்ஸ் இருக்கு, வண்டிக்கு எஃப்.சி. இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு. மூட்டைய ஏத்தலாம், உங்கள ஏத்தக்கூடாதாம் அண்ணி. மூட்டைக்கும் உங்களுக்கும் என்னா வித்தியாசம்?" என்பார்.

"மூட்டை உங்களத் திருப்பித் திட்டாது மாமா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்துவாள்.

வண்டிகளை மறித்துச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டரின் ஜீப் கண்ணில் பட்டால் இரண்டு ஹாரன் அடிப்பார். உடனே நாங்கள் எல்லாரும் குந்திக்கொள்ள வேண்டும். மூட்டை போலத் தெரியும்படி தார்ப்பாயை மேலே இழுத்துவிட வேண்டும். அதன் முனையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. ஒரு தலை வெளியே தெரியவிடமாட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

அன்றைக்கு மழை பெய்து விட்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. மருமகள் வாயும் வயிறுமாக என் பக்கத்தில் நின்றிருந்தாள். நாற்றுக்கட்டு எடுத்துக் கொடுக்க மட்டும் வருகிறேன் என்று சொல்லி ஏறியவள். இரண்டு ஹாரன் கேட்டது. குந்தினோம், இழுத்து மூடினேன். வழக்கமாக வண்டி வேகம் குறையும். அன்று திடீரென்று திரும்பியது. ஜீப்புக்குத் தப்ப அவர் வண்டியை வாய்க்கால் கரைமேல் திருப்பிவிட்டார்.

உள்ளே இருட்டு. உர நெடியும் டீசல் நெடியும் மூச்சை அடைத்தன. எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியவில்லை. சக்கரம் சேற்றில் வழுக்கியது. எல்லாரும் ஒரே பக்கமாகச் சரிந்து என்மேல் விழுந்தார்கள். வண்டி சாய்ந்தபடியே நின்றது. எனக்கு நேர் கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அப்போதுகூட ஒருத்தியும் கத்தவில்லை. கத்தினால் இன்ஸ்பெக்டர் காதில் விழுந்துவிடுமே என்ற பயம். நான் தார்ப்பாயை விடாமல்தான் பிடித்திருந்தேன்.

"அத்தை, மூச்சு முட்டுது," என்றாள் மருமகள்.

தார்ப்பாயை உதறி எறிந்தேன். ஜீப்பைக் காணோம். ஒரு பின்சக்கரம் கரைக்கு வெளியே அந்தரத்தில் இருந்தது. "யாரும் குதிக்காதீங்க! மேட்டுப் பக்கமா ஒவ்வொருத்தரா எறங்குங்க!" என்று கொழுந்தனார் கத்தினார். ஒருத்தி இறங்கும்போதெல்லாம் வண்டி ஆடியது. மருமகளை முதலில் இறக்கிவிட்டு நான் கடைசியாக இறங்கினேன்.

அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் கேலி இல்லை. "கவுந்திருந்தா உங்க யாருக்கும் ஒரு பைசா வராது அண்ணி. சரக்கு வண்டியில ஆள் ஏத்துனா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான். எல்லாம் தெரிஞ்சுதான் ஏத்துனேன்," என்றார். சாய்ந்த வண்டியைவிட அந்தச் சொல்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அவர் கெட்டவர் இல்லை. எங்கள்மேல் உயிராக இருந்தவர். அப்படிப்பட்டவரே தெரிந்துகொண்டுதான் ஏற்றினார்.

மறுநாள் காலை வண்டி வந்து நின்றது. நான் ஏறவில்லை.

"அடடா, பெரியம்மா பயந்துட்டாங்கடி!" என்று கோஷ்டிப் பெண்கள் சிரித்தார்கள்.

"ஆமாண்டி, பயந்துட்டேன்," என்றேன். அதுவரை என் வாயிலிருந்து யாரும் கேட்டிராத வார்த்தை அது. சிரிப்பு நின்றது. எல்லாருமே மினி பஸ்ஸில் போனோம். வயலில் தாமதத்துக்கு வசவு வாங்கினோம், நடவையும் முடித்தோம். வண்டிக்குள் கிடந்த தார்ப்பாயைக் கொழுந்தனாரே கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். அப்புறம் அவர் மூட்டை மட்டும்தான் ஏற்றினார். இப்போது அவரும் இல்லை.

ஆனால் இன்றைக்கும் விடிகாலையில் லோடு வண்டிகள் பெண்களை நிற்க வைத்துக்கொண்டு எங்கள் தெருவைத் தாண்டிப் போகின்றன. எங்கேயாவது இரண்டு ஹாரன் சேர்ந்து கேட்டால் என் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன, ஒரு முனையைப் பிடித்திருப்பதுபோல.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டு கண்ணு. மெதுவாகப் படி. அன்றைக்கு உன் அம்மா வயிற்றில் இருந்தது நீதான். அதையும் எழுதினாயா?