குருசடிக்குப் பக்கத்தில் என்றால் எந்த எண்?

நெதர்லாந்துக்கு வந்த இரண்டாம் வாரம் ஒரு கட்டில் வாங்கப் போனேன். கடையிலிருந்த பெண் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அஞ்சல் குறியீடு?" என்றாள். சொன்னேன். "வீட்டு எண்?" சொன்னேன். "சரி, வியாழக்கிழமை வரும்." நான் நகராமல் நின்றேன். தெருப் பெயர், எந்தக் கடைக்கு எதிரே, யாரிடம் கேட்டால் வழி சொல்வார்கள் என்று ஒரு பெரிய விவரத்தை வாயில் தயாராக வைத்திருந்தேன். அவள் எதையும் கேட்கவில்லை. நான்கு எண்கள், இரண்டு எழுத்துகள், அதோடு வீட்டு எண். அவ்வளவு இருந்தால் இந்த நாட்டின் எந்தக் கதவையும் தட்டிவிடலாம். வியாழக்கிழமை கட்டில் வந்தது. கொண்டுவந்தவர் வழியில் ஒருவரிடமும் விசாரித்திருக்கவில்லை. எனக்கு அது மாயாஜாலமாக இருந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில், எங்கள் ஊரான புதுக்கடையில் எங்கள் வீட்டுக்கும் எண் உண்டு. வீட்டு வரி ரசீதில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. அப்பா உரக்கடை வைத்திருந்ததால் 'உரக்கடை ராஜமணி' என்று எழுதினால் போதும். எனக்கு முதன்முதலில் வேலைக்கான நேர்காணல் கடிதம் வந்தபோது, அனுப்பியவர்கள் என் இனிஷியலையும் தப்பாகப் போட்டு, ஊரையும் 'புதுக்கோட்டை' என்று எழுதியிருந்தார்கள். எப்படியோ மாவட்டத்தின் பெயர் மட்டும் சரியாக இருந்தது. நான் மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, தபால்காரர் சைக்கிளை நிறுத்தி ஜன்னல் வழியாக அந்தக் கடிதத்தை நீட்டினார். "இது உனக்காக்கும், பிரிச்சுப் பாரு" என்றார். அவர் முகவரியைப் படிப்பவரல்ல, ஆளைப் படிப்பவர்.

இங்கே முதல் நாளே என் பெயர் தகராறு செய்தது. ஆர். ஜெசிந்தா என்பவளுக்கு 'கடைசிப் பெயர்' என்று ஒன்று இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்ததால், மின்சார நிறுவனத்திலிருந்தும் வங்கியிலிருந்தும் வந்த கடிதங்களெல்லாம் 'திருமதி ராஜமணி' என்றே வந்தன. அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு வரவேண்டிய கடுதாசி ஒக்க உனக்கில்லா வருது" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் சேர்ந்தது உட்ரெக்ட் நகரில் ஒரு சிறு நிறுவனம். செயற்கைக் கால் பொருத்தியவர்கள் உள்ளே போட்டுக்கொள்ளும் சிலிகோன் உறைகளை இணையத்தில் விற்பார்கள். காலின் வெட்டுப்பட்ட முனைக்கும் செயற்கைக் காலுக்கும் நடுவே இருக்கும் மெத்தை அது. கிழிந்தால் தோல் உரசிப் புண்ணாகிவிடும். 2010இல் 'இனி உலகம் முழுவதும் அனுப்புவோம்' என்று இணையதளத்தில் பெரிதாகப் போட்டார்கள். நாடுகளின் பட்டியலைச் சேர்த்தார்கள். படிவத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து, எங்கள் தலைவி ஹன்னா என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டவர் பலர் முகவரிப் பக்கம்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள், ஏனென்று பார் என்றாள்.

படிவம் நிராகரித்தவற்றையெல்லாம் கணினி ஒரு பதிவேட்டில் சேர்த்து வைத்திருந்தது. காப்பியும் கையுமாக அதைப் புரட்டிக்கொண்டிருந்தவள், ஒரு வரியில் கண்பட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். 'அந்தோணியார் குருசடி பக்கம், தேங்காய்ப்பட்டணம் போஸ்ட், புதுக்கடை வழி, கன்னியாகுமரி மாவட்டம்.' ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. ஆனால் எனக்கு யாரோ பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்தது போல இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்! எஸ். மிக்கேல் என்பவர் மூன்று நாட்களில் பதினோரு முறை முயன்றிருந்தார். கடைசிப் பெயர் ஒற்றை எழுத்தாக இருக்கக் கூடாதென்று படிவம் சொன்னதும் 'எஸ்'ஸை 'எஸ்எஸ்' ஆக்கியிருந்தார். பின்கோடு நான்கு எண்ணும் இரண்டு எழுத்தும்தான் என்றதும் கடைசி இரண்டு இலக்கங்களை எழுத்தாக்கியிருந்தார். போன் எண்ணில் கூட்டல் குறி கூடாது என்றதும் எடுத்திருந்தார். படிவம் என்ன கேட்டாலும் விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்து, பதினோராவது முறை ஊர்ப் பெயரே இல்லாமல் நின்றிருந்தார்.

"எங்க ஊர்! எங்க ஊர்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பக்கத்து மேசை வில்லெம் ஓடிவந்து திரையைப் பார்த்தான். படிவத்தை முதலில் எழுதியவன் அவன்தான். நல்லவன், ஆனால் எதற்கும் எண் வேண்டும் அவனுக்கு.

"குருசடி என்பது தெருவா?"

"இல்லை. சாலையோரம் சிலுவை வைத்துக் கும்பிடும் இடம். அந்தோணியாருடையது."

"அந்தோணி அங்கே குடியிருக்கிறாரா?"

"ஒரு விதத்தில், ஆமாம்."

"அப்படியானால் அவருடைய வீட்டு எண்ணைக் கேள். மிக்கேல் இல்லாத நேரத்தில் பார்சலை அவர் வாங்கி வைப்பாரா?"

அவனுக்குப் புனிதர்களைப் பற்றி விளக்கும் பொறுமை அன்று எனக்கு இல்லை. ஹன்னாவிடம் அனுமதி வாங்கி, பதிவேட்டில் இருந்த எண்ணுக்கே போன் போட்டேன்.

"ஹலோ, ஆராக்கும்?"

"அண்ணே, நான் ஜெசிந்தா. நீங்க காலு உறைக்கு ஆர்டர் போட்டீங்கல்லா, அந்தக் கம்பெனியில இருந்தாக்கும் விளிக்கியேன். நெதர்லாந்துல இருந்து."

"பேச்சு புதுக்கடப் பேச்சால்லா இருக்கு. ஏட்டி, ஆரு சொல்லித் தந்து இந்த விளையாட்டு?"

"விளையாட்டு இல்லண்ணே, சத்தியமாட்டு. நீங்க எட்டாவது தடவ வீட்டு நம்பர் ஒண்ணுன்னு போட்டீங்க. உண்டுமா இல்லியா?"

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "அந்தப் பெட்டி நம்பரக் கேட்டுட்டே கெடந்துது மக்களே. குருசடிக்கு ஏது நம்பரு? ஊருல குருசடி ஒண்ணுதான் உண்டு, அதனால ஒண்ணுன்னு போட்டேன்."

மிக்கேல் துறைமுகத்தில் மீன் ஏலம் விளிப்பவர். சில வருடங்களுக்கு முன் லாரி மோதி முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலோடு நின்று விளித்துக்கொண்டிருந்தவருக்கு உறை கிழிந்து புண்ணாகிவிட்டது. காலைப் போடக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈரத் தரையில் ஊன்றுகோல் வழுக்குகிறது. அவர் இடத்தில் இப்போது வேறொருவர் நின்று விளிக்கிறார். "இன்னும் ரெண்டு மாசம் போனா எனக்க தொண்டய ஊரு மறந்துபோவும், கேட்டியா" என்றார். மஸ்கட்டில் இருக்கும் தங்கை மாப்பிள்ளையின் கார்டை வைத்து, புதுக்கடை இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டியிருக்கிறார். அந்தக் கார்டின் முகவரியோ வெறும் தபால்பெட்டி எண். அந்த நாட்டு முகவரியில் பின்கோடு என்று மாப்பிள்ளை எதையும் எழுதியதே இல்லை. எங்கள் படிவம் அதையும் ஏற்கவில்லை.

"படிவத்தை அப்புறம் பார்க்கலாம், இவருக்கு முதலில் நாமே அனுப்பிவிடுவோம்" என்றாள் ஹன்னா. துள்ளிக் குதித்தேன். அவர் சொன்ன முகவரியை ஒரு எழுத்து விடாமல் நானே தட்டச்சு செய்து, பார்சல் போகும்வரை வாசலில் நின்று பார்த்தேன். மூன்று வாரம் கழித்து அதே பார்சல் என் மேசைமேல் இருந்தது. 'முகவரி முழுமையற்றது' என்று ஒட்டியிருந்தார்கள். லேபிள் அச்சடிக்கும் நிரல் ஒவ்வொரு வரியையும் முப்பது எழுத்தோடு வெட்டுமென்று எனக்குத் தெரியாது. 'தேங்' என்பதோடு ஊர் முடிந்திருந்தது. போன் எண் அச்சாகவே இல்லை. ஒட்டிய லேபிளை நான் ஒருமுறை வாசித்திருந்தால் போதும். வாசிக்கவில்லை. "வந்துதா மக்களே?" என்று அவர் கேட்டபோது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். "செரி, அழாத. நீ அங்க இருக்கியல்லா, அது போதும்" என்றார். நான் அழுவது அவருக்கு எப்படித் தெரிந்ததென்று தெரியவில்லை.

திரும்பிவந்த பார்சலை வில்லெம் கையில் எடுத்து அந்த லேபிளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "என் அம்மா கால்வாயில் படகு வீட்டில் இருக்கிறாள்" என்றான். "முகவரி என்ன தெரியுமா? 'பதினான்காம் எண்ணுக்கு எதிரே.' அதுதான் அவளுடைய சட்டபூர்வமான முகவரி. எந்த இணையதளமும் அதை ஏற்காது. அவளுடைய பொருளெல்லாம் பதினான்காம் எண் வீட்டுக்காரர்களிடம்தான் போய்ச் சேரும். அவளும் அவர்களும் பேசிக்கொள்வதில்லை." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "அம்மாவின் முகவரியைக்கூட ஏற்காத படிவத்தை நானே எழுதியிருக்கிறேன்."

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. ஹன்னா பத்து நாள் கொடுத்தாள். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் தூக்கிவிட்டு, 'உங்கள் பெயர்' என்று ஒரே நீளப் பெட்டி வைத்தோம். நாட்டை முதலில் கேட்டோம்; அந்த நாட்டில் அஞ்சல் குறியீடு இல்லையென்றால் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டு எண்ணுக்குத் தனிப் பெட்டி நெதர்லாந்துக்கு மட்டும், அதிலும் 'எதிரே' என்று எழுத இடம் விட்டோம். மற்றவர்களுக்கு, உறைமேல் எப்படி எழுதுவீர்களோ அப்படியே எழுதுங்கள் என்று நான்கு வரிகள். கார்டு ஒரு நாட்டிலும் பார்சல் வேறு நாட்டிலும் இருக்கலாம். கூட்டல் குறியோடு போன் எண் லேபிளில் அச்சாக வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் கூரியர்காரர் முகவரியைத் தேட மாட்டார், விளித்துக் கேட்பார். லேபிள் நிரலோடு வில்லெம் நான்கு நாள் மல்லுக்கட்டினான். நீளமான வரியை வெட்டாமல் மடக்கி அடுத்த வரிக்குக் கொண்டுபோக வைத்தான்.

சோதித்துப் பார்க்க முகவரிகள் வேண்டியிருந்தன. கல்லூரித் தோழிகளுக்கும் என் அண்ணனுடைய வளைகுடா நண்பர்களுக்கும் எழுதிக் கேட்டேன். வந்து குவிந்தன. அயர்லாந்தில் பண்ணையின் பெயரோடு முடிந்துவிடும் முகவரி, ஹாங்காங்கில் இத்தனையாவது மாடி என்று தொடங்கும் முகவரி, இந்தோனேசியாவிலிருந்து ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள ஒருத்தி. கொட்டாரம் ஊரில் வாத்தியாராக இருக்கும் என் சித்தப்பா, 'வயல் முடியும் இடத்தில் பச்சை கேட்' என்று எழுதி அனுப்பினார். எல்லாவற்றையும் அச்சடித்து சுவரில் ஒட்டினோம். ஒவ்வொன்றாகத் தட்டி, லேபிளை அச்சிட்டு, இந்த முறை ஒவ்வொரு லேபிளையும் நான் சத்தமாக வாசித்தேன். வில்லெம் 'பச்சை கேட்'டை மட்டும் தமிழில் சொல்லப் பழகிக்கொண்டான்.

பத்தாம் நாள் காலையில் மிக்கேலண்ணனை விளித்தேன். அங்கே மத்தியானம். அவர் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்திருந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹன்னாவும் வில்லெமும் பின்னால் நின்றார்கள். நாமே இங்கிருந்து தட்டிவிடலாம்தான். ஆனால் பதினோரு முறை தோற்றவர் தானே ஜெயிக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

"பேரு ஒரே பெட்டியில போடலாமா மக்களே?"

"போடுங்கண்ணே. எஸ், புள்ளி, மிக்கேல்."

"குருசடி?"

"குருசடியும் போடுங்க."

ஒற்றை விரல். ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் மூச்சு விடுவது போனில் கேட்டது. பிறகு, "கேறியாச்சு! கேறியாச்சு பிள்ளே!" என்று அந்த ஏலக்காரத் தொண்டை முழங்கியது. அதே நொடியில் என் திரையில் ஆர்டர் எண் விழுந்தது. என்ன சொல்கிறார் என்று ஹன்னா கேட்டாள். உள்ளே ஏறிவிட்டது என்கிறார் என்றேன். அன்றைக்கு அலுவலகத்தில் எந்த ஆர்டர் வந்தாலும் வில்லெம் 'கேறியாச்சு' என்று கத்திக்கொண்டிருந்தான்.

பார்சல் ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தது. மார்த்தாண்டத்திலிருந்து கூரியர்காரர் போன் செய்ததும் அவர் குருசடி முன்னால் ஊன்றுகோலோடு போய் நின்றிருக்கிறார். புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு ஒருநாள் நான் மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தேன். அவர் பேசவில்லை. கடல் இரைச்சல், பெண்களின் கூச்சல், அதற்கு மேலே மிக்கேலண்ணன் சாயங்கால வள்ளத்து மீனை விளிக்கும் குரல். இரண்டு காலில் நிற்கும் மனிதனின் குரல். போனை ஒலிபெருக்கியில் போட்டேன். வில்லெம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். ஒரு வார்த்தையும் புரியாமல் அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் லீவில் ஊருக்குப் போனேன். திருவனந்தபுரத்தில் இறங்கியதும் வருகை அட்டை நிரப்ப வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மஸ்கட்டிலிருந்து வருபவர், தேங்காய்ப்பட்டணத்துக்காரர். பேனா இல்லை, கண்ணாடியும் பெட்டிக்குள். "இத ஒண்ணு எழுதித் தா மக்களே" என்று நீட்டினார். மளமளவென்று எழுதினேன். 'வசிக்கும் நாடு' என்ற கட்டத்தில் ஓமன் என்று எழுதப் போனதும் தடுத்தார்.

"அங்க எனக்கு வேலயில்லா. வசிக்கியது இஞ்சயாக்கும். ரெண்டு மாசம் லீவுல வசிக்கத்தானே வாறேன்?"

இந்தியா என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டார். என் அட்டையில் அதே கட்டம் காலியாக இருந்தது. எத்தனையோ நாட்டு முகவரிகளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தவள், பேனாவோடு நின்றேன். வரிசை நகர்ந்தது. கட்டத்தின் இடது ஓரத்தில் நெருக்கி நெருக்கி 'நெதர்லாந்து' என்று எழுதிவிட்டு, மீதிப் பாதியை ஊருக்கென்று வெறுமையாக விட்டேன். அதிகாரி நிமிர்ந்து பார்க்கவில்லை. அட்டையை இழுத்து, அந்த வெற்றிடத்தின் நடுவே திருவனந்தபுரம் முத்திரையை ஓங்கிக் குத்தித் திருப்பி நீட்டினார். மை இன்னும் காயாத அந்த அரைக் கட்டத்தைப் பார்த்தபடியே ஊருக்குப் போக வெளியே நடந்தேன்.