நாலாவது தோள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. அங்கே இருந்தவர்களில் மூன்று பேர் இன்னும் எங்கள் கடற்கரை ஊரான இறக்கக்கண்டியில்தான் இருக்கிறோம். அன்ஸாரிடம் கேட்டால் எழும்பிப் போய்விடுவான். றஊப் அந்தப் பேச்சையே எடுக்கவிடமாட்டான். மிச்சம் நான். என் பெயர் நிப்றாஸ். மலையின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். மாத்தளைப் பக்கம் என்பதோடு நிற்கட்டும். எழுதினால் யாராவது தேடிப் போவார்கள்.

போன வருசம் வாடைக் காலம். கடல் அடித்துக்கொண்டு கிடந்தது. கரைவலையைச் சுருட்டி வாடிக் குடிசைக்குள் ஏற்றியாயிற்று. நான், அன்ஸார், றஊப் மூவரும் ஒரே வலையில் இழுக்கிறவர்கள். கடல் அடங்கும்வரை எங்களுக்கு வேலை இல்லை. என் தம்பி ரிஷாத் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலைக்கு நின்றான். வெள்ளைக்காரர்களைப் படகில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுவான். வாடைக்கு அவனுக்கும் வேலை இல்லை. கடல் சரியில்லாத மாதங்களில் அவர்களை மலைக்குக் கூட்டிப்போனால் என்ன என்று அவனுக்கு ஒரு யோசனை. முதலில் தான் ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று நின்றான்.

உம்மாவுக்கு விருப்பமில்லை. அவனுக்கு நிலாவெளியில் பஸ்மியா என்ற பிள்ளையைப் பேசி முடித்திருந்தோம். அடுத்த மாதம் நிக்காஹ்.

"நானாவும் வாறார் உம்மா," என்றான் அவன், அண்ணனான என்னைக் காட்டி.

உம்மா என்னைப் பார்த்தார். "கூட்டிட்டுப் போறது நீ. கூட்டிட்டு வாறதும் நீதான் மகன்."

"ஓம் உம்மா."

புறப்படும்போது அன்ஸார் வலைக் கயிற்றில் ஒரு நீளத் துண்டை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"மலைக்குக் கயிறு எதுக்குடா?"

"சுறா ஆப்பிட்டா இழுக்க வேணாமா மச்சான்."

கரைவலை இழுக்கிறவர்கள் இடுப்பில் ஒரு பட்டி கட்டுவோம். பட்டியில் ஒரு சின்னக் கயிறு தொங்கும். அதை வலைக் கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றினால் பாரத்துக்குப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் தளர்த்தினால் விட்டுவிடும். அந்தப் பட்டிகளையும் அன்ஸார் கொண்டுவந்திருந்தான். ரிஷாத்துக்கும் ஒன்று.

அடிவாரத்து ஊர்க்காரர் ஒருவர் காடு முடியும் இடம் வரை வந்து பாதை காட்டினார். புல்வெளியில் ஏறினால் இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒரு கணவாய். கணவாய் வாசலில் முந்திய காலத்தில் ஏலக்காய் வாட்டிய கல் கொட்டில். அதில் தங்கிவிட்டு விடியச் சிகரத்துக்கு ஏறலாம். மூடுபனி வருமுன் கொட்டிலுக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார்.

மூன்று மணிக்கே மூடுபனி வந்துவிட்டது.

நீட்டிய கை தெரியவில்லை. பாதை ஒரு ஆள் அகலம். இடது பக்கம் மலைச்சுவர், வலது பக்கம் பள்ளம். அன்ஸாரின் கயிற்றைப் பார்த்துச் சிரித்த நாங்களே அதில் எங்களைக் கொழுவிக்கொண்டோம். முதலில் றஊப், பிறகு அன்ஸார், பிறகு ரிஷாத், கடைசியில் நான்.

முன்னால் போகிறவனுக்குத்தான் பாடு. நனைந்த மானாப்புல் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. அதை விலக்கி விலக்கி றஊப்புக்குக் கை கிழிந்துவிட்டது.

"கரையில மாறுற மாதிரி மாறுவம்," என்றான் அன்ஸார்.

கரையில் எங்களுக்கு அது பழக்கம். கயிற்றின் ஒரு முனைக்கு வந்துவிட்டவன் "மாறு" என்று கத்திவிட்டுக் கழன்று, மறு முனைக்குப் போய்க் கொழுவிக்கொள்வான். இங்கேயும் அதையே செய்தோம். முன்னால் போனவன் "மாறு" என்பான். கயிற்றின் முன் முனையான தலைப்பை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுக் கழன்று ஓரமாக நிற்பான். மற்றவர்கள் அவன் தோளைத் தொட்டபடி தாண்டிப் போவார்கள். எல்லாரும் போன பிறகு அவன் வாலில் கொழுவிக்கொள்வான்.

மலை ஏறுகிற வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். முன்னால் யார், பின்னால் யார் என்பது மாறவே கூடாதாம். எங்களுக்கு அது தெரியாது.

கடைசியில் இருக்கிறவன் மூன்று தோள்களைத் தொட வேண்டும். பிறகு தலைப்பு அவன் கைக்கு வரும். றஊப்பின் தோள் எலும்பு. அன்ஸாரின் தோள் சதை. ரிஷாத் தன் தோளில் பட்ட என் கையை ஒரு தரம் அழுத்துவான். இரண்டு சுற்று அப்படியே போனது.

மூன்றாம் சுற்று. றஊப்பைத் தாண்டினேன். அன்ஸாரைத் தாண்டினேன். பாதை ஒரு வளைவில் செங்குத்தாக ஏறியது. ரிஷாத் "மாறு" என்றான். பள்ளத்துப் பக்கம் ஒரு கல்லில் நின்றான்.

"உள்ளுக்கு நில்லுடா."

"நிக்கிறன் நானா. மேல பாருங்க, கூரை தெரியுது."

அண்ணாந்து பார்த்தேன். நேர் மேலே, பனிக்குள், ஒரு தகரக் கூரை. அவன் என் கையை அழுத்தினான். சூடான கை. தாண்டினேன்.

இப்போது தலைப்பு என் கைக்கு வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

கயிறு எனக்கு முன்னால் இறுகி நின்றது. யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். புல் விலகும் சத்தம் கேட்டது. சரக்... சரக்... சரக்...

எனக்கு முன்னால் யாரும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் யாரும் இருக்க முடியாது.

"றஊப்?" என்றேன்.

"என்ன?" பதில் என் பின்னாலிருந்து வந்தது.

சரக்... சத்தம் நின்றது.

"மாறு."

ரிஷாத்தின் குரல். முன்னாலிருந்து.

நான் நின்றிருக்கலாம். ஆனால் "மாறு" என்று கேட்டால் எங்கள் கால் தானாக நடக்கும். நடந்தேன். கை நீண்டது. ஒரு தோளில் பட்டது.

கடலிலிருந்து அப்போதுதான் இழுத்தெடுத்த கயிறுபோல இருந்தது அது. நனைந்து, முறுகி, சில்லென்று...

அது என் கையை ஒரு தரம் அழுத்தியது.

தலைப்பு என் கைக்கு வந்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறினேன். விழுந்தடித்துக்கொண்டு ஏறினேன். கொட்டில் வாசலில் கயிற்றிலிருந்து என்னைக் கழற்றி, கையிலிருந்த தலைப்பை வெளியே வீசிவிட்டு உள்ளே பாய்ந்தேன். மணி ஐந்து இருபது.

பின்னாலேயே றஊப் ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தான். அன்ஸார் ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

ரிஷாத் ஒன்றும் சொல்லாமல் வந்தான்.

அவனைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. நான்கு பேர். மலையில் மூச்சு வாங்கினால் கணக்குப் பிழைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"டேய் ரிஷாத், உன்ன ரெண்டு தரம் தாண்டினன் போல," என்றான் அன்ஸார். "எனக்கு முன்னால ஓடி வந்து நின்டியா? அவ்வளவு அவசரமா மாப்பிள்ளைக்கு?"

அவன் சிரிக்கவில்லை. வாசலோடு உட்கார்ந்தான். எங்களைப்போல இடுப்பிலிருந்து கயிற்றைக் கழற்றவில்லை.

றஊப் அடுப்புக் கல்லில் நெருப்பு மூட்டினான். கால்களைப் பார்த்தோம். எங்கள் மூன்று பேரின் கால்களிலும் அட்டை. விரலிடுக்கில், கெண்டையில், கொழுத்துத் தொங்கின. உப்பு வைத்து உதிர்த்தோம். உப்புப் பையை ரிஷாத்திடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. அவன் காலில் ஒரு அட்டைகூட இல்லை. சேறும் இல்லை.

"தேத்தண்ணி குடி."

"வேணாம்."

"நெருப்புக்குக் கிட்ட வா."

"வேணாம்."

நாங்கள் பேசும்போது வாயிலிருந்து ஆவி போனது. அவன் பேசும்போது போகவில்லை. அதை நான் கண்டேன். கண்டும் காணாததுபோல இருந்தேன்.

இருட்டும் நேரத்து மஃரிப் தொழுகைக்கு மூன்று பேர்தான் நின்றோம். அவன் எழும்பவில்லை.

தொழுது முடித்து ஸலாம் கொடுக்கத் திரும்பியபோது கயிறு அசைந்தது.

ஒரு தரம்... பிறகு இன்னொரு தரம்.

எங்கள் வலையில் ரெண்டு இழுப்பென்றால் பாரம், இழு என்று அர்த்தம்.

நான் வெளியே வீசிய தலைப்பு வாசலுக்கு அப்பால் விளிம்பில் விழுந்து பள்ளத்துக்குள் தொங்கியிருக்க வேண்டும். கீழே யாரோ அதைப் பிடித்திருக்கிறார்கள். இந்த முனை ரிஷாத்தின் இடுப்பில் இருந்தது. அது இறுகியது. அவன் அசையவில்லை.

"நானா..."

கீழேயிருந்து.

"நானா, இழுங்க. கால் உடைஞ்சிட்டு. நானா..."

என் தம்பியின் குரல்.

என் தம்பி வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"மச்சான்," அன்ஸார் வாசலைக் காட்டினான். "இவன் இங்க இருக்கான். அப்ப அது யாரு?"

நான் எழும்பினேன். வாசலில் இருந்தவன் என்னை அண்ணாந்து பார்த்தான்.

"போகாதீங்க நானா. அது நானில்ல."

எந்த ஜின்னும் அண்டாத குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியை றஊப் ஓதத் தொடங்கினான். நானும் ஓதினேன். அன்ஸாரும் ஓதினான். இருட்டைப் பார்த்து, அந்தக் குரலைப் பார்த்து, அதைத் துரத்த மூன்று பேரும் சத்தமாக ஓதினோம்.

கீழேயிருந்த குரலும் எங்களோடு சேர்ந்து ஓதியது.

ஒரு எழுத்துப் பிழையில்லாமல். இடையிடையே அழுதுகொண்டு...

வாசலில் இருந்தவனின் உதடு அசையவில்லை.

கயிறு மறுபடி இறுகியது. ஒன்று. இரண்டு.

அவன் குனிந்தான். பட்டியில் கை வைத்தான்.

தளர்த்தினான்.

கயிறு சர்ரென்று வாசற்படியைத் தாண்டி ஓடியது.

கீழே ஏதோ விழும் சத்தம். சின்னச் சத்தம்.

அவன் கதவைச் சாத்தினான்.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காற்றுகூட இல்லை. நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கூட்டிட்டு வாறதும் நீதான் என்று உம்மா சொன்னது காதில் நின்றது. எது வந்தாலும் இவனை விடுவதில்லை. அப்படியே கண் அயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது வெளிச்சம். கதவு திறந்து கிடந்தது. என் கையில் ஒரு இடுப்புப் பட்டி மட்டும் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பனி விலகி மலை பளிச்சென்று நின்றது. விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தேன்.

இரண்டு ஆள் உயரம்கூட இல்லை.

ஒரு திட்டில் ரிஷாத் கிடந்தான். ஒரு கால் மடங்கியிருந்தது. வலைக் கயிற்றின் தலைப்பைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான். இடுப்பில் பட்டி கட்டியிருந்தது. காலெல்லாம் அட்டை.

முகம் கொட்டிலைப் பார்த்தபடி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விழுந்ததில் கால்தான் உடைந்திருக்கிறது, அதில் சாக வேண்டியதில்லை என்றார். குளிரில் போயிருக்கிறான். விடிவதற்குச் சற்று முன்புதான். பிறகு கேட்டார்:

"நீங்கள் எல்லாரும் எங்கே இருந்தீர்கள்?"

"மேலே. கொட்டிலுக்குள்ள."

"தொண்டை கிழிந்து வீங்கியிருக்கிறது. விடிய விடியக் கத்தினால்தான் அப்படி ஆகும். ஒருவருக்கும் கேட்கவில்லையா?"

கதவைச் சாத்திய பிறகு எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அல்லாஹ் மேல் ஆணை. ஒன்றுமே கேட்கவில்லை.

தம்பியின் மையித்தை ஏற்றிக்கொண்டு கந்தளாய் வழியாக ஊருக்கு வந்தோம். சொன்னபடி நான்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அடக்கி முடித்து ஆட்கள் போன பிறகு உம்மா என்னைக் கூப்பிட்டார். அழவில்லை. கதிரையில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"விழுந்த உடனேயே போயிட்டானா மகன்?"

"ஓம் உம்மா."

"உன்னக் கூப்பிடவே இல்லையா?"

"இல்ல உம்மா."

உம்மா கடற்கரைப் பக்கம் ஜன்னலைப் பார்த்தார். வலையும் இல்லை, ஆட்களும் இல்லை. வாடைக் கடல் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப அன்டைக்கு மஃரிபிலயிருந்து விடியச் சுபஹு வரைக்கும்," என்றார், "நானா இழுங்க, நானா இழுங்க என்டு இந்தக் கரையில கத்தினது யாரு மகன்?"