வண்டிக்கூடையில் தெக்கோமா பூக்கள்

சில வாரங்கள் வெயில் காய்ந்தால் போதும், கெலாங் பாத்தா சாலையோரத் தெக்கோமா மரங்கள் இலையுதிர்த்து, இளஞ்சிவப்பாய்ப் பூத்துவிடும். அத்தகைய ஒரு காலையில்தான் அந்தப் பெண்மணியைக் கண்டேன். தொழிற்சாலைச் சீருடை, இரவு வேலை முடிந்த கண்கள். உதிர்ந்த பூக்களை எடுத்து மோட்டார் சைக்கிள் கூடையில் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பூவையும் மெல்ல ஊதி, எறும்பை இறக்கிவிட்ட பிறகே உள்ளே இட்டார்.

ஆலயக் கூட்டத்திற்குச் சென்றுகொண்டிருந்த எனக்கு, தலைவர் என்ற முறையில் வாளாவிருக்க இயலவில்லை.

“தரையில் விழுந்த பூ சாமிக்கு ஆகாதம்மா.”

நிமிர்ந்து சிரித்தார். “சாமிக்கு இல்ல லா அங்கிள். எனக்குத்தான்!”

“உங்களுக்கா? எதற்கு?”

“சும்மாதான். தலகாணி பக்கத்துல கொட்டிட்டுத் தூங்குவேன். இந்தாங்க, உங்களுக்கும் ஒன்னு. கடிக்காது, வாங்கிக்குங்க!”

மறுக்கவே எண்ணினேன். அந்நேரம் பார்த்து எங்கள் ஆலயப் பொருளாளரின் கார் வேகம் குறைத்து நெருங்கியது. தெருவில் முன்பின் அறியாத பெண்ணிடம் தலைவர் பூ வாங்கினார் என்பது கூட்டம் தொடங்கும் முன்பே பேச்சாகிவிடும். மேலிருந்து பூக்கள் ஓசையின்றிச் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன. காலையே மெல்ல மிதப்பது போலிருந்தது.

வாங்கிக்கொண்டேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பொருளாளர் கண்ணாடியை இறக்கினார். “யாருங்க தலைவரே அது? சொந்தமா?”

“தெரியாது” என்றேன். அதைச் சொல்வதில் எனக்கு ஏன் அத்தனை மகிழ்ச்சி என்று இன்றும் விளங்கவில்லை.