இரண்டு முறை குத்திய கை

அந்த ஆஸ்பத்திரியின் ஈரல் பிரிவில் ரத்தம் எடுப்பவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், பெரிய டாக்டர் உட்பட. இருபத்திரண்டு வருட சர்வீஸ். முகங்கள் அவளுக்கு நினைவில் நிற்பதே இல்லை. போன வாரம் வந்தவரை இன்று பார்த்தால் திருதிருவென்று விழிப்பாள். ஆனால் கையை நீட்டச் சொல்லிவிட்டால் போதும், "அட, நீங்களா? போன தடவை இடது கைல எடுத்தமே" என்பாள். கட்டிய புருஷனையே கூட்டத்தில் கையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பாள் என்று பக்கத்து மேஜைக்காரி கிண்டலடிப்பாள்.

அந்த வருடம் அந்தப் பிரிவின் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். ஒரே தாயிடமிருந்து பிறக்கும்போதே மஞ்சள் காமாலைக் கிருமியை வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைகளில் ஒருவருக்கு ஈரலில் புற்றுநோய் வருகிறது, இன்னொருவர் கல்லுக்குண்டு மாதிரி நடமாடுகிறார். ஏன் அப்படி? எதிர்ப்புச் சக்திக்கான மரபணுக்கள் கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே வேறுபடும். யாருடைய உடம்பு கிருமியைக் கண்டுபிடித்து மடக்குகிறது, யாருடையது கோட்டை விடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆளுக்கு இரண்டு குழாய். ஊதா மூடி மரபணுவுக்கு. மஞ்சள் மூடி, கட்டி இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதத்தை அளப்பதற்கு.

இதற்காகத்தான் அப்படிக் கிருமியோடு பிறந்த ஓர் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். அண்ணன் லாரி ஓட்டுகிறவர், தொப்பையும் சிரிப்புமாக, சாயங்காலமானால் கொஞ்சம் போடுகிற ஆள். தம்பி தையல்காரர். டீகூடக் குடிக்க மாட்டார், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவும் மாட்டார். அவர் பேச வேண்டியதையெல்லாம் சின்ன வயதிலிருந்தே அண்ணன்தான் பேசி வந்தார்.

"மொதல்ல இவனுக்கு எடுத்துடுங்கக்கா, ஊசின்னா பயந்து சாவான்" என்றார் அண்ணன். எடுத்தாள். "என்னுதும் சட்டுனு எடுத்துடுங்க, லோடு நிக்குது." அதையும் எடுத்தாள். அங்கேதான் பிசகு. ஒருவருடையதை எடுத்து, அவர் வாயாலேயே பெயரைச் சொல்ல வைத்து, லேபிள் ஒட்டிவிட்டுத்தான் அடுத்தவர் கையைத் தொடுவது அவள் வழக்கம். அன்று இரண்டு பேருடைய குழாய்களையும் வரிசையாக வைத்துவிட்டுப் பெயர் கேட்டாள். அண்ணன்தான் சொன்னார், மூத்தவர் பெயரை முதலில், இளையவர் பெயரைப் பிறகு, எந்த வீட்டிலும் சொல்வதுபோல. அவளும் அதே வரிசையில் ஒட்டிவிட்டாள்.

அண்ணனுக்குப் புரதம் ஏகத்துக்கு ஏறியிருப்பதாக ரிசல்ட் வந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆனால் ஸ்கேனில் ஒன்றும் இல்லை, பெரிய ஸ்கேனிலும் இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். அதற்கு முன் ஒரு தரம் ரத்தம் பார்த்துவிடலாம் என்று அவரை ஊசியக்காவிடம் அனுப்பினார்கள்.

சட்டைக் கையை அவர் மடக்கியதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். கயிறு கயிறாக நரம்பு. கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். யார் கை எப்படி என்று குறித்து வைக்கும் தன் சின்ன நோட்டைப் புரட்டினாள். இவர் பெயருக்கு எதிரே அவள் கையெழுத்திலேயே இருந்தது: "நரம்பு ஆழம். இரண்டு முறை குத்தினேன்." அது தம்பியின் கை. ஏறிய புரதமும் தம்பியுடையது. ஒன்றுமில்லை என்று அவரைத்தான் வீட்டுக்கு அனுப்பி ஏழு வாரமாகிறது.

பக்கத்து மேஜைக்காரி காதோடு சொன்னாள்: "கம்முனு இரு, அக்கா. ஏதோ சாக்கு சொல்லி தம்பிய வரச்சொல்லு, திருப்பி எடுத்துக்கலாம். அடுத்த மாசம் உனக்கு பிரமோஷன் வருது."

"சாக்கு சொன்னா அவர் வருவாரா? நல்லாருக்கேன்னு நெனச்சிட்டு இருக்கற மனுஷன்." நேராக டாக்டரம்மாவிடம் போய்த் தன் தவறை ஒன்று விடாமல் சொன்னாள், எழுதியும் கொடுத்தாள். எனக்கு இந்த இடத்தில் அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

தம்பியின் போனை அவர் மனைவி எடுத்தாள். "அவருக்குத்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்களே" என்று வைத்துவிட்டாள். ஊசியக்கா இரண்டு பஸ் மாறி, அண்ணனையும் கூட்டிக்கொண்டு தையல் கடைக்கே போனாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க ரிசல்ட்டு தப்பு. நான்தான் மாத்தி ஒட்டிட்டேன். இப்பவே என்கூட வாங்க."

"நீ வாடா, நான் பேசிக்கறேன்" என்று அண்ணன் ஆரம்பித்தார். தம்பி மிஷினை நிறுத்தினார்.

"அண்ணே, சும்மா இரு. எனக்கு இருக்குதாக்கா?"

"இருக்கலாம். சின்னதா இருந்தா எடுத்துடலாம். அதுக்குத்தான் ஓடி வந்தேன்."

சின்னதாகத்தான் இருந்தது, இரண்டு சென்டிமீட்டர். ஈரலில் ஒரு துண்டோடு வெட்டி எடுத்தார்கள். இன்னும் இரண்டு மூன்று மாதம் விட்டிருந்தால் இது வேறு பேச்சாகியிருக்கும் என்று சர்ஜன் சொன்னார். பிரமோஷன் பக்கத்து மேஜைக்காரிக்குப் போனது. இனி அந்தப் பிரிவில் யாராக இருந்தாலும் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள்.

கண் விழித்த தம்பி டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அவரு குடிக்கிறாரு, நான் டீ கூட குடிக்கறதில்ல. எனக்கு ஏங்க வந்துச்சு?"

"அதைத்தான் நாங்களும் தேடறோம். உங்க ரெண்டு பேர் ஊதா குழாயும் அதுக்குத்தான். அண்ணனுக்கும் வராதுன்னு அர்த்தமில்ல. ஆறு மாசத்துக்கு ஒருதரம் ரெண்டு பேரும் வாங்க."

வராந்தாவில் லாரிக்கார அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். "என் வாயாலதான் கெட்டுச்சு. அவன் பேர அவனே சொல்லியிருந்தா..."

ஊசியக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவருக்குச் சேர வேண்டியதையெல்லாம் நீங்களே தூக்கிப் பழகிட்டீங்க. இந்தத் தப்பு என்னுது. இதையும் எடுத்துட்டுப் போகாதீங்க."