பத்து வீதக் கழிவு

கடையில் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது எனக்குப் பிறவியிலேயே வராத காரியம். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்ட நானும் ஒரு குடும்பம் நடத்துகிறேன் என்றால் அதற்கு என் மனைவிதான் காரணம்.

அதனால் ஓர்க்கிட் பூச்செடி வளர்ப்போர் சங்கத்தில் சேர்ந்தபோது அவர்கள் தந்த அங்கத்துவ அட்டை எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. மாத்தளை டவுனில் சட்டி, கரி, உரம் விற்கும் கடையில் அதைக் காட்டினால் விலையில் பத்து வீதம் கழித்துத் தருவார்கள். வாயே திறக்க வேண்டாம். அட்டையை நீட்டும்போது வரும் மிடுக்கு எனக்குச் சம்பள நாளில்கூட வந்ததில்லை.

மனைவி மசியவில்லை. சந்தா, மாதக் கூட்டத்துக்குப் போகும் பஸ் காசு, கழிவு கிடைக்கிறதே என்று நான் வாங்கிக் குவித்த சட்டிகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, இந்த வருடம் சந்தா கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் கலக்கம். சங்கம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"ஒரு தரம் கடைக்கு வந்து பாரேன்" என்று அவளையும் கூட்டிப்போனேன்.

ஓட்டை போட்ட மண்சட்டி மூன்றை எடுத்து வைத்தேன். கடைக்காரர் விலை சொன்னார். அட்டையை நீட்டினேன், பத்து வீதம் கழித்தார். பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு சட்டியை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கார்ட உள்ள வைங்க" என்றாள் என்னிடம். பிறகு கடைக்காரரிடம், அண்ணன் முறை வைத்து, "நானா, கார்டு இல்லாம எவ்வளவுக்குத் தருவீங்க?"

"கார்டு இல்லாட்டி கூடத்தானே தங்கச்சி வரும்."

அவள் பாதி விலை கேட்டாள். அவர் சிரித்தார். அவள் சட்டியை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். எனக்கு மானம் போயிற்று. உரமூட்டைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். அவள் ரோட்டைத் தாண்டப் போகும்போது, "சரி வாங்க தங்கச்சி, எடுத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். படிந்த விலை என் அட்டை விலையைவிட எவ்வளவோ குறைவு. பேரத்துக்கென்று ஏற்றிச் சொல்கிற விலையில்தான் இத்தனை நாளும் எனக்குப் பத்து வீதம் கழித்திருக்கிறார்.

வீட்டுக்குத் திரும்பும் ரத்தோட்டை பஸ்ஸில் சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

"இந்த வருசம் சந்தா கட்டல" என்று நானே சொன்னேன்.

"கட்டுங்க" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

"அதுல ஒண்ணும் இல்லன்னு நீதானே காட்டின?"

"காசுக்கு நட்டந்தான். ஆனா கூட்டத்துக்குப் போயிட்டு வந்த அன்னைக்குத்தான் நீங்க வீட்டுல வாயத் தொறக்கிறீங்க. எதுக்கு வேர் அழுகிச்சு, யாரு வீட்டுச் செடிய நத்தை தின்னுச்சுன்னு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பேசுறீங்க. புள்ளைங்க கொழும்புக்குப் போன பொறகு, மத்த நாளெல்லாம் நான் யாரோட பேசுறது?"

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

அன்றைக்குச் சங்கக் கூட்டம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் நாங்கள் இறங்கும் இடம் வரும்வரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.